பார்வைக்கு நூல் முளைத்த வருஷம்

நொய்யலின் இரு கரையிலும் உட்கார்ந்து பனியன் தைத்து, உலகத்தில் பாதிப் பேரின் முதுகை மூடிவிட்டு, அதைப் பற்றிக் கொஞ்சமும் பெருமையடித்துக்கொள்ளாதவர்கள் என்று எங்களைப் பற்றி நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற எங்கள் ஊரில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில் மனிதர்களின் பார்வைக்கு நூல் முளைத்தது. யார் எதைப் பார்த்தாலும் அவர் கண்ணிலிருந்து அந்தப் பொருள் வரைக்கும் ஒரு வெள்ளை நூல் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பார்வையைத் திருப்பிய பிறகும் அது அறவில்லை, ஆள் நடந்தால் நீண்டது, உட்கார்ந்தால் தொய்ந்தது, வண்டி குறுக்கே போனால் வழிவிட்டு மறுபடி ஒட்டிக்கொண்டது, ராத்திரி அவர் கண்ணயர்ந்த பிறகுதான் உதிர்ந்து விழுந்தது. வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே பரிகார பூஜை நடந்திருக்கும். எங்கள் ஊரில் இரண்டு நாள் யாருக்கும் தெரியவே இல்லை. பிறந்ததிலிருந்து தலைமுடியிலும் காது மடலிலும் காப்பித் தம்ளரிலும் பஞ்சையும் நூலையும் எடுத்துப் போட்டுப் பழகியவர்கள் நாங்கள், ஆகவே இதையும் தட்டிவிட்டுவிட்டு வேலைக்குப் போனோம்.

மூன்றாம் நாள் தெரு கூட்டுகிற பெண்கள்தான் குப்பை இரட்டிப்பாகிவிட்டது என்று வார்டு அலுவலகத்தில் போய் நின்றார்கள், அதற்கப்புறம்தான் எல்லாரும் கையிலிருந்த நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். நூல் கையில் கிடைத்தால் எங்கள் ஊர்க்காரன் முதலில் என்ன செய்வானோ அதைத்தான் செய்தோம்: கோனில் சுற்றினோம், நிட்டிங் மெஷினில் ஏற்றினோம், சாயத்தில் முக்கினோம். சாயம் பிடிக்கவில்லை. பிடிக்காத நூலும் உண்டா என்று ஒரு சாயப்பட்டறை மாஸ்டர் நாலு நாள் சோறு தண்ணி இல்லாமல் மல்லுக்கட்டிவிட்டு, இது தரமில்லாத சரக்கு என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்.

வெட்கக்கேடு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது, ஏனென்றால் எவன் கண் எங்கே போனது என்பது இப்போது ஊருக்கே தெரிந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் நூல் பெண்ணைத் தாண்டிக் கேசரித் தட்டில் போய் ஒட்டியது. கட்சிக் கூட்டத்துக்கு வந்த ஆயிரம் பேரின் நூலும் மேடையை விட்டுவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் இருந்த பிரியாணி அண்டாவை நோக்கிப் போனது. கோயிலில் கண்ணை உருட்டி உருட்டிச் சாமி கும்பிடுகிறவரின் நூல் வாசலில் விட்ட புதுச் செருப்பில் கிடந்தது. வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. ஆனால் எல்லார் வீட்டு வாசலிலும் குப்பை கிடந்தால் யார் யாரைக் கேட்பது? மூன்றாவது வாரத்தில் ஊர் முழுக்க ஒருவரையொருவர் மன்னித்துவிட்டு, அவரவர் நூலை அவரவர் சுருட்டிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டது.

அப்படிப் பழகிய பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தோம். பெரியவர்களின் நூல் வேறு, குழந்தைகளின் நூல் வேறு. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வந்த பெரியவர் ஒருவரின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால், பஸ் நம்பர், டிராபிக் விளக்கு, கறிக்கடைத் தராசு, வீட்டுப் பூட்டு என்று நாலே இடத்தில் ஒட்டியிருக்கும், நாலும் கயிறு மாதிரித் தடித்து விறைத்து நிற்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே வழியில் வந்த பிள்ளையின் நூலோ ஊதினால் பறக்கிற மெல்லிசு, ஆனால் அது ஒட்டாத இடமில்லை: சாக்கடைக் குமிழி, பஸ் டிக்கெட்டின் கிழிந்த ஓரம், ஒற்றைச் செருப்பு, தண்ணி டேங்க்கின் மேல் உட்கார்ந்திருந்த காக்காய், அந்தக் காக்காய் வாயில் இருந்த என்னவோ. நாங்கள் தொழில் தெரிந்தவர்கள், ஆகவே உடனே தரம் பிரித்தோம். தடித்த நூல் நல்ல நூல், மெல்லிசு நூல் கழிவு என்று தீர்ப்புச் சொன்னோம். "என்ற கண்ணு நாலு புரிக் கயிறு" என்று டீக்கடையில் ஆம்பளைகள் பீற்றிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஊரிலேயே தடித்த நூல் யாருடையது என்று கேட்டால் கோகிலவாணியுடையது என்று குழந்தைகூடச் சொல்லும். சென்னியப்பன் முதலாளியின் பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்து, திருப்பி, குண்டூசி முனை அளவு ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், இழுத்துக்கொண்ட கழுத்துப்பட்டி எது இருந்தாலும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவைப்பதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்கள் பலர் உண்டு, கோகிலவாணிக்கு அதுவும் தேவையில்லை. அவள் சரி பார்த்த கட்டில் ஏழு என்ற அவளுடைய நம்பர் எழுதியிருந்தால் போதும், மறுபடி யாரும் பிரிப்பதில்லை. நூல் முளைத்த பிறகு அவள் பார்வை விரல் தடிமனுக்கு நின்றது, ஈரத் துண்டைக் காயப்போடலாம். முதலாளி வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார், அவளும் கொஞ்சம் நிமிர்ந்து நின்று காட்டுவாள். பெருமைதான், பெருமைப்பட என்ன கேடு?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கோகிலவாணி செய்கிற முதல் காரியம் உடம்பில் ஒட்டியிருக்கிற கம்பெனித் தூசியைப் பொறுக்குவது. கொண்டையில் பஞ்சு, காதில் பஞ்சு, கண்ணாடி வளையல்களுக்கு நடுவில் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மெல்லிசான நூல். அந்த மணிக்கட்டு நூல்தான் சனியன், விரலுக்கு அகப்படாமல் வழுக்கும். நகத்தால் கிள்ளி எடுத்துச் சுருட்டிச் சாக்கடையில் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், தர்ணிகா, மூன்றாம் வகுப்பு. அப்பா லோடு வண்டியோடு வாரத்தில் ஐந்து நாள் தூத்துக்குடி வழியில் இருப்பார். காலையில் கம்பெனி வேன் வந்ததும் கோகிலவாணி ஓடி ஏறிக்கொள்வாள், பிள்ளை படிக்கட்டில் நின்று வேன் திரும்புகிற வரைக்கும் கையாட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகும். ஊரிலேயே தடித்த கண்ணுக்குப் பிறந்த அந்தப் பிள்ளையின் நூல், ஊரிலேயே மெல்லிசாகவும் ஊரிலேயே அதிகமாகவும் இருந்தது. அவள் ஒரு தெருவில் நடந்துபோனால் அந்தத் தெருவே லேசாக நரைத்த மாதிரி இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இது பொறுக்கவில்லை. நூல் முளைத்த மறுமாதமே கரும்பலகைக்கு மேலே ஒரு ஆணி அடித்து, எந்தப் பிள்ளையின் நூல் எத்தனை அங்கே வருகிறது என்று தினமும் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். தர்ணிகாவின் நூல் ஓட்டின் விரிசலில் இருந்தது, சுவரேறுகிற எறும்பு வரிசையில் இருந்தது, முன் பெஞ்சுக்காரியின் பின்னலில் இருந்தது, மல்லிகேஸ்வரி டீச்சரின் சேலை ஊக்கில் இருந்தது; ஆணியில் ஒன்றே ஒன்று இருந்தது. கணக்கில் முப்பத்தெட்டு மார்க். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பக்கத்துக் கட்டிடத்து மாடியில் ஒரு அறையை ஒதுக்கி, நாலு சுவரிலும் வெள்ளையடித்து, ஜன்னலை அட்டை வைத்து மூடி, கரும்பலகை தவிர வேறெதுவும் இல்லாதபடி செய்திருந்தார்கள். பார்க்க ஒன்றுமில்லாவிட்டால் நூல் தானாகப் பலகைக்கு வந்துவிடும் என்பது ஏற்பாடு. பெற்றவர்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், தர்ணிகாவின் படிவத்தைத் திங்கட்கிழமை காலையில் வந்து போட்டுக் கொடுங்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

கோகிலவாணி போட்டுவிடுவதென்றுதான் இருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. மேசையில் ஆயிரம் பீஸில் ஒரு ஓட்டையைப் பிடிக்கிற கண், பெற்ற பிள்ளையிடம் இத்தனை பெரிய ஓட்டையை எப்படி விட்டது என்று கேட்டுக்கேட்டு மனம் குமைந்தாள். சன்னல் மூடிய அறையில் பிள்ளை உட்காருவதை நினைக்கவே பிடிக்கவில்லை, ஆனால் பிள்ளை நன்றாக வரவேண்டுமே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. படிவத்தைப் பற்றிச் சொன்னபோது தர்ணிகா ஒன்றுதான் கேட்டாள், அந்த அறையிலிருந்து ரோடு தெரியுமா என்று.

திங்களுக்கு முந்தின ஞாயிறு கம்பெனியில் வேலை இருந்தது. கடல் தாண்டிப் போகிற நாற்பதாயிரம் குழந்தைச் சட்டைகள், நெஞ்சில் ஒரு முயல் சைக்கிள் ஓட்டுகிற படம், செவ்வாய்க்கிழமை பெட்டி ஏற வேண்டும். வாங்குகிற கம்பெனியின் ஆள் பெங்களூரிலிருந்து வந்திருந்தார், சட்டையை ஒரு குழந்தைக்குப் போட்டுப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார், முதலாளி கோகிலவாணியின் மகளைக் கூட்டிவரச் சொன்னார். அன்று காலையில் சரிபார்த்துக் கட்டிய கட்டு ஒன்றைப் பிரித்து ஒரு சட்டையை எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, மேசை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். தர்ணிகா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். நிமிர்ந்து, தூணில் நாலு மாதமாகத் தொங்குகிற மாதிரிச் சட்டையைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவிடம் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அம்மா, இந்த மொசலுக்கு மூணு காது."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு, ஆனால் மூன்று காது என்று யாரும் சாதித்ததில்லை. கோகிலவாணி பார்த்தாள். இரண்டு காது நேராக, ஒன்று கொஞ்சம் சாய்வாக, மூன்று இருந்தது. அடுத்த பீஸை எடுத்தாள், மூன்று. அடுத்த கட்டை அவிழ்த்தாள், மூன்று. செக்கிங்கில் இருந்த முப்பத்தாறு பெண்களும் கையிலிருந்த பீஸை விரித்தார்கள், மேசை மேசையாக முயல்கள் மூன்று காதோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தன. தூணில் தொங்கிய மாதிரியில் இரண்டுதான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இதை யாரும் மறைக்கவே இல்லை, நாற்பதாயிரம் தடவை நெஞ்சுக்கு நேரே நீட்டிக் காட்டியிருந்தார்கள்.

அந்த வருஷத்தில் எதையும் பார்த்தேன் என்று பொய் சொல்ல முடியாது. காலையில் பார்த்த அத்தனை சட்டைகளிலும் பெண்களின் நூல் அப்படியே ஒட்டியிருந்தது: தோள் தையலில், கை ஓரத்தில், அடிமடிப்பில், கழுத்துப்பட்டியில், சைஸ் எழுதிய துணிப்பட்டையில், கயிறு கயிறாக. படத்தின் மேல் ஒரு இழைகூட இல்லை, அறுவடை முடிந்த காடு மாதிரி வெறிச்சென்று கிடந்தது. ஓட்டை பார், கறை பார், தையல் பார் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், காது பார் என்று யாரும் சொல்லவில்லை. கோகிலவாணியின் ஏழாம் நம்பர் எழுதிய கட்டுகள்தான் அதில் அதிகம்.

எப்படியடி பார்த்தாய் என்று மகளைக் கேட்டாள்.

"நான் பாக்கலம்மா. அது அங்க இருந்துச்சு" என்றாள் தர்ணிகா, தப்புச் செய்துவிட்டோமோ என்ற முகத்தோடு.

பெங்களூர்க்காரர் அப்போது வெளியே பெட்டிகளின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தார், அவர் நூல் டேப்பையும் பெட்டி நம்பரையும் தாண்டவில்லை. சென்னியப்பன் முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்து மேசையில் கையை ஊன்றி நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை அவர் தலைமேல் நின்றது. இத்தனை கண்ணுக்குப் படாதது அங்கே இருக்கிறவன் கண்ணுக்குப் படவா போகிறது, கட்டுகளைக் கட்டு அம்மிணி, அந்தாளும் பார்க்கவில்லை, பிள்ளையைக் கீழே இறக்கு என்று மெதுவாகச் சொன்னார். கோகிலவாணிக்கு அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. கட்டைக் கட்டினால் ஏழாம் நம்பரின் பேர் நிற்கும், பதினோரு வருஷப் பேர். கட்டாவிட்டால் அவள் வாயாலேயே அவள் கண்ணைக் குற்றம் சொன்னதாக ஆகும். அவள் மகளைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் இழைகள் அதற்குள் அந்த ஹால் முழுக்கப் பரவியிருந்தன, மின்விசிறியில், மூலையில் படுத்திருந்த பூனையில், ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு முயலிலும், ஒவ்வொரு முயலின் மூன்றாவது காதிலும்.

"போடறது பெரியவங்க இல்லீங்க சார்" என்றாள் கோகிலவாணி. "கொழந்தைங்க போடப்போகுது. அதுகளுக்குத் தெரியும்ங்க."

சொல்லிவிட்டு, சிவப்பு அம்புக்குறி ஒன்றைக் கிழித்து மகளின் நெஞ்சில் அந்தக் காதுக்கு நேரே ஒட்டினாள். அப்புறம் தன் நம்பர் போட்ட முதல் கட்டை இழுத்து அவிழ்த்தாள். முதலாளி கதவைத் திறந்துகொண்டு போய்ப் பெங்களூர்க்காரரிடம் தானே சொன்னார், அதையும் சொல்லத்தான் வேண்டும், எங்கள் ஊர் முதலாளி அவர்.

சட்டைகள் என்னவாயின என்பதை இங்கேயே முடித்துவிடுகிறேன். பிரிண்டிங் பட்டறைக்காரர்கள் மூன்றாவது காதின் மேல் ஒரு சின்னச் சிவப்புத் தொப்பியை அச்சடித்து மூடினார்கள், மொத்தம் ஐந்து நாள் தாமதம். தொப்பி வைத்த முயலே நன்றாக இருக்கிறது, அடுத்த தடவையும் அப்படியே போடுங்கள் என்று அங்கிருந்து எழுதினார்கள். இன்றைக்கும் அதை எங்கள் ஊர் டிசைன் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம், தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்வதில்லை.

திங்கட்கிழமை காலையில் கோகிலவாணி வேனை விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். மல்லிகேஸ்வரி டீச்சர் படிவத்தை நீட்டினார், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அறுபத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர். பலகைக்கு நூற்றில் ஒரு நூல்தான் வருகிறது, வேறு வழி தெரியவில்லை என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். கோகிலவாணி படிவத்தைப் பீஸைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள், முதலில் ஓரங்கள்: தேதி, பேர், வகுப்பு, முத்திரை. எல்லாம் சரியாக இருந்தது. அங்கேயே நின்றிருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். முந்தின நாள் பட்ட பாடு நினைவுக்கு வந்து, பார்வையை இழுத்து நடுவில் வைத்தாள். நடுவில், மாணவியிடம் காணப்படும் குறை என்ற இடத்தில், கவனம் இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. கோகிலவாணி கைப்பையைத் திறந்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, அந்த இரண்டு சொற்களுக்கு நேரே ஒட்டினாள்.

டீச்சருக்குப் புரியவில்லை, என்னம்மா இது என்றார்.

"தப்பு இருக்குதுங்க டீச்சர், அதான் ஒட்டியிருக்கறன். கவனம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இருக்குதுங்க. எனக்குத்தான் ஒரே எடத்துல இருக்குது, என்ற புள்ளைக்கு எல்லா எடத்துலயும் இருக்குது. அதுல போர்டுக்கும் நாலு இழை சேத்து இழுத்துட்டு வர்றது எப்பிடின்னு நீங்களும் நானும் பாக்கலாமுங்க, வீட்டுல நான் கணக்குச் சொல்லித் தர்றன். ஆனா சன்னல மூடறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

டீச்சர் படிவத்தையும் அம்புக்குறியையும் மாறி மாறிப் பார்த்தார். கிழிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை, மேசை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு, நீ போய் உட்காரம்மா என்று தர்ணிகாவை வகுப்புக்கு அனுப்பினார். மாடி அறையில் வேறு பதினொரு பிள்ளைகள் இன்னும் இரண்டு மாதம் உட்காரத்தான் செய்தார்கள். மாசியில் நூல் முளைப்பது நின்ற பிறகு அங்கே விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைத்தார்கள்.

கோகிலவாணி வாசல் கேட்டுக்கு வந்து ஆட்டோவுக்குக் கை காட்டினாள். காட்டிய கையில், வளையல்களுக்கு நடுவில், அந்த மெல்லிசு நூல் சுற்றியிருந்தது. இன்னும் கம்பெனிக்கே போகவில்லை, அதற்குள் எங்கிருந்து வந்தது இந்தச் சனியன் என்று வழக்கம்போல நகத்தை வைத்தாள். வைத்த நகம் நின்றது. முதல் தடவையாக அந்த நூலின் மறுமுனையைத் தேடினாள். அது கேட்டுக் கம்பிக்கு நடுவே போய், குடிதண்ணீர்க் குழாயைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தொடாமல் வளைந்து, சன்னல் வழியாக மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, மூன்றாவது பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த இரண்டு கண்களில் போய் முடிந்தது. எறும்புக்கும் ஓட்டு விரிசலுக்கும் போகிற நூறு இழைகளுக்கு நடுவில் இதுவும் ஒன்று. தினமும் காலையில் படிக்கட்டில் நின்று கையாட்டுகிறபோது ஒட்டிக்கொண்டு, வேனோடு நீண்டு வந்து, நாளெல்லாம் மணிக்கட்டில் கிடந்ததை, ஐப்பசியிலிருந்து ஒரு நாள் தவறாமல் கிள்ளிச் சாக்கடையில் போட்டிருக்கிறாள். கோகிலவாணி நடுரோட்டில் நின்று அழுதாள், ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

அன்று கம்பெனியில் தாமதமாக வந்து மேசையில் நின்றவளின் கையைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரி, அக்கா வளையல்ல வேஸ்ட் நூல் என்று எடுக்கக் கையை நீட்டினாள். கோகிலவாணி அந்தக் கையை மெதுவாகத் தள்ளினாள்.

"அது வேஸ்ட் இல்ல, விடு. என்ற புள்ள என்னப் பாத்துட்டு இருக்கறா."